அமெரிக்க மாதிரியும் அரபிக்கடலும்

அண்மை மாதங்களில் ஆசிரியர் குழுவுக்கு வரும் கடிதங்களில் அமெரிக்க அரசியலைப் பற்றிய கேள்விகள் மிகுந்துள்ளன. அவற்றுள் திருவனந்தபுரம் சாலைப் பகுதித் தோழர்கள் அனுப்பியவை கூர்மையானவை. ஒரு தனிமனிதரின் கையொப்பத்தால் இந்தியப் பொருள்கள்மீது ஐம்பது விழுக்காடு வரி விழுந்தது எவ்வாறு? அந்நாட்டு நாடாளுமன்றம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? அதிபரை நாள்தோறும் விமர்சிக்கும் பத்திரிகைகள் அங்கே உள்ளனவே, அவற்றை நேர்மையானவை என்று கொள்ளலாமா? அல்லது அனைத்தும் முதலாளிகளின் ஊதுகுழல்களே என்று ஒதுக்கிவிடலாமா? ஒரு தோழர் இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கேள்வியையே கேட்டுவிட்டார்: கடலுக்கு அப்பாலுள்ள இவ்விவகாரத்தில் நாம் ஏன் இத்துணைக் கவனம் செலுத்த வேண்டும்?

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க அதிபர் முறை நமக்குத் தொலைவில் நின்று பார்க்கும் காட்சியாக மட்டும் இருந்ததில்லை. 1946இல் அது திருவனந்தபுரத்தின் வாயிலுக்கே வந்தது. அதைத் திருப்பி அனுப்புவதற்கு உழைக்கும் மக்கள் தங்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

திவான் கொண்டுவந்த மாதிரி

சாலைக் கடைத்தெருவிலிருந்து கிழக்கே கோட்டையைக் கடந்து வடக்கே நடந்தால் தலைமைச் செயலகம் வந்துவிடும். அன்று அதன் பெயர் ஹஜூர் கச்சேரி. திவானின் ஆட்சி நடந்த இடம். 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை முன்வைத்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை, ஈரவைச் சட்டமன்றம் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் முற்போக்கான திட்டம்தான். ஆனால் நிர்வாகத்தின் தலைவர் திவான்; அவரை நியமிப்பவர் மகாராஜா; மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்தால் அவரைப் பதவியிலிருந்து அசைக்க இயலாது. அமெரிக்காவிலும் அதிபர் சட்டமன்றத்தின் நம்பிக்கையைச் சார்ந்து பதவியில் இருப்பவரல்லர். எனவே இது அமெரிக்க முறையைத் தழுவியது. நிலையான நிர்வாகத்தைத் தரவல்லது. திவான் தரப்பு வாதத்தின் சாரம் இதுவே.

இந்த ஒப்புமையில் பாதி மட்டுமே உண்மை. அமெரிக்க அதிபர் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்தித்தாக வேண்டும். திவான் எவரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை. நீக்க இயலாமை என்ற பகுதி மட்டும் இறக்குமதியாயிற்று. தேர்தல் என்ற பகுதி அங்கேயே விடப்பட்டது.

ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிகளின் கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் விவசாயத் தொழிலாளரும் இதை உடனே புரிந்துகொண்டார்கள். கூலிக்கும் அரிசிக்கும் அமைப்பு உரிமைக்கும் போராடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தங்கள் கோரிக்கையை மறுக்கும் ஆட்சியைத் தாங்களே மாற்ற முடியாது என்று எழுதிவைக்கும் சட்டம் தங்கள் கூலியையும் தொடும் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்ற முழக்கம் அவ்வாறு எழுந்தது. 1946 அக்டோபர் 22ஆம் நாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. 24ஆம் நாள் புன்னப்புராவில் மோதல்; மறுநாள் இராணுவச் சட்டம்; 27ஆம் நாள் வயலாரில் துப்பாக்கிச் சூடு. வாரிக்குந்தங்களை ஏந்தி நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

போராட்டம் ஒடுக்கப்பட்டது, ஆனால் அமெரிக்க மாதிரி நிலைபெறவில்லை. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவிக்கப்போவதாகச் சொன்ன திவான், ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் நடந்த தாக்குதலில் காயமுற்று, ஆகஸ்டில் பதவியை விட்டு வெளியேறினார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. செப்டம்பர் 4ஆம் நாள் பொறுப்பாட்சிக்கான பிரகடனம் வந்தது. 1948இல் வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் தேர்தல் நடைபெற்றது. மக்கள் அவைக்குப் பதில் சொல்லும் ஆட்சி என்பது நமக்கு எவரும் பரிசளித்ததன்று.

சர் சி. பி. தமிழர் என்பதால் சாலைத் தமிழர் சிலரிடம் அவர்பால் ஒரு சாய்வு இன்றும் உண்டு. தமிழர் என்பதாலேயே அவரை வெறுத்த மலையாளிகளும் உண்டு. இரண்டுமே பிழையான அளவுகோல்கள். அவர் காலத்தில்தான் 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937இல் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் நிறைவேறியது. இவற்றை மறைத்துவிட்டு அவரை எதிர்ப்பது நமக்கு அழகன்று, தேவையுமன்று. அவர் செய்த நற்பணிகள் பட்டியலில் எத்தனை சேர்ந்தாலும், மக்களால் நீக்க முடியாத ஓர் ஆட்சியாளருக்கு அவை நியாயம் கற்பிக்கமாட்டா. திறமையான ஆட்சியாளரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உம்மை வீட்டுக்கு அனுப்பும் வழி எங்கே?

மூல மாதிரியின் நிலை

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டு அரசியலமைப்பு ஏட்டின்படி போரை அறிவிக்கும் அதிகாரமும் வரி விதிக்கும் அதிகாரமும் நாடாளுமன்றத்துக்கு உரியவை. மன்னர்களின் போர்களுக்கும் வரிகளுக்கும் எதிராக எழுந்த குடியரசு இவற்றை ஒரு தனிமனிதரிடம் ஒப்படைக்க விரும்பவில்லை. ஆனால் ஏடு வேறு, நடப்பு வேறு. முறைப்படியான போர் அறிவிப்பை அந்நாடாளுமன்றம் கடைசியாக வெளியிட்டது 1942இல். அதன் பிறகு கொரியாவிலும் வியட்நாமிலும் இராக்கிலும் குண்டு பொழிந்ததெல்லாம் அத்தகைய அறிவிப்பின்றியே நடந்தது. வியட்நாமின் படிப்பினையால், 1973இல் அதிபரின் போர் அதிகாரத்துக்கு அறுபது நாள் வரம்பு விதிக்கும் சட்டம் நிக்சனின் மறுப்பாணையை மீறி நிறைவேறியது. அதற்குப் பின் வந்த அதிபர்கள் அதைச் சுற்றிச் செல்லும் வழிகளைக் கண்டுகொண்டனர்.

வரியின் கதையும் இதுவே. 1977இல் இயற்றப்பட்ட அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து அசாதாரணமான அச்சுறுத்தல் எழும்போது பயன்படுத்துவதற்கென இயற்றப்பட்டது அது. 2025இல் டிரம்ப் இச்சட்டத்தைக் காட்டித்தான் உலக நாடுகள்மீது வரிகளை அறிவித்தார். ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது முதலில் இருபத்தைந்து விழுக்காடு. இரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக மேலும் இருபத்தைந்து விழுக்காடு. அந்த வரி வழக்காகி நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஆயினும், நீதிமன்றம் ஏடு புரட்டிக்கொண்டிருந்த வேளையில் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளியும் கேரளத்தின் இறால் பதனிடும் பெண்தொழிலாளியும் வேலை நிலைக்குமா என்ற அச்சத்தில் நாள்களைக் கழித்தார்கள். இவர்கள் எவருக்கும் அமெரிக்காவில் வாக்கில்லை. தோழர் கேட்ட ‘நமக்கு ஏன்’ என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

அதிபரைத் தடுக்கவே இயலாது என்பதும் சரியன்று. கொரியப் போர்க்காலத்தில் உருக்காலைகளைக் கையகப்படுத்த ட்ரூமன் பிறப்பித்த ஆணையை 1952இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1974இல் நிக்சன் பதவி விலக நேர்ந்தது. ஆனால் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரப்பட்ட ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் ஆகிய மூவரில் ஒருவரையும் செனட் நீக்கவில்லை. அதற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. 2024 ஜூலை முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அலுவல் சார்ந்த செயல்களுக்காக முன்னாள் அதிபரைக் குற்ற வழக்கில் நிறுத்துவதைப் பெரிதும் கடினமாக்கிவிட்டது. திவான் 1946இல் எழுதிவைக்க முயன்றதை நோக்கி மூல மாதிரியே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இதை ஒருவரின் குணக்கேடாக மட்டும் சுருக்கிவிட வேண்டாம். உலகெங்கும் படைத்தளங்களையும் மூலதனத்தையும் காத்து நிற்க வேண்டிய அரசுக்கு விவாதமின்றி விரைந்து செயல்படும் ஒரு கை தேவைப்படுகிறது. ஏகாதிபத்தியத்தின் அத்தேவையே அதிபர் பதவியை இரு கட்சிகளின் காலத்திலும் பெருக்கிவந்துள்ளது.

பத்திரிகையின் இரு பூட்டுகள்

பத்திரிகையைப் பற்றிய கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. சுதந்திரம் என்பதும் நடுவுநிலைமை என்பதும் வெவ்வேறு. முன்னதைப் பறிப்பது பெரும்பாலும் அரசு. பின்னதைக் கெடுப்பது பெரும்பாலும் உடைமை.

அமெரிக்காவில் 1791 முதல் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அப்பாதுகாப்பு தொழிலாளர் இயக்கத்துக்குக் கிட்டியது மிகத் தாமதமாகத்தான். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக 1918இல் சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்சுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1920இல் சிறையிலிருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்ற அவருக்கு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். ‘மில்வாக்கி லீடர்’ என்ற சோசலிஸ்ட் நாளிதழை அரசு தடை செய்யவில்லை. அதன் அஞ்சல் சலுகையை மட்டும் பறித்தது. அஞ்சலை நம்பி வாழும் ஏழை இதழுக்கு அது கழுத்தில் இட்ட சுருக்கு என்பதை நம் இதழை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் தோழர்கள் நன்கறிவார்கள். 1921இல் அந்த நடவடிக்கையையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஐம்பதாண்டுகள் கழித்து, 1971இல், வியட்நாம் போரைப் பற்றி அரசு மக்களிடம் மறைத்தவற்றை வெளிப்படுத்திய பென்டகன் ஆவணங்களை அச்சிட விடாமல் தடுக்க நிக்சன் அரசு முயன்றபோது, அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் நின்றது. இது மெய்யான வெற்றி. போரை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் தெருவில் நின்ற ஆண்டுகளில் கிடைத்த வெற்றி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசின் பூட்டு தளர்ந்தாலும் உடைமையின் பூட்டு எஞ்சுகிறது. பொது முக்கியத்துவமுள்ள விவகாரங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு 1949 முதல் ஒரு விதி இருந்தது. ரீகன் காலத்தில், 1987இல் அது கைவிடப்பட்டது. 2003இல் இராக்கின்மீது படையெடுப்பதற்குச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கதையைப் பெரும் பத்திரிகைகள் போதிய சோதனையின்றி ஏற்றன. அடுத்த ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் இருந்த குறைகளைத் தானே ஒப்புக்கொண்டது. அதற்குள் ஒரு நாடு சிதைந்திருந்தது. உலகப் பெருஞ்செல்வர் ஒருவரின் உடைமையான வாஷிங்டன் போஸ்ட், 2024 தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன்பு, எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவித்தது. அங்கே காவலர் எவரும் வரவில்லை. ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை.

இதனால் அப்பத்திரிகைகள் பொய்யை மட்டுமே எழுதுகின்றன என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பென்டகன் ஆவணங்களை அச்சிட்டதும் இராக் கதையைப் பரப்பியதும் ஒரே பத்திரிகைதான். 2023 ஆகஸ்டில் அதே பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றில் தில்லியின் நியூஸ்கிளிக் இணைய இதழைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆளும் தரப்பு கூச்சலிட்டது. அக்டோபரில் அவ்விதழின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா ஊபா சட்டத்தின்கீழ்க் கைதானார். அந்தக் கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2024 மே மாதத்தில். ஒரு சுதந்திரப் பத்திரிகையின் வரிகள் இன்னொரு நாட்டில் வேறொரு பத்திரிகைக்கு விலங்காயின. ஆகவே பத்திரிகையின் பெயரைப் பார்த்து நம்புவதும் பெயரைப் பார்த்துத் தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். செய்தியைச் செய்தியாகச் சோதிக்கும் உழைப்புக்கு மாற்று கிடையாது.

திருவிதாங்கூர் தந்த இரு பாடங்கள்

இவ்வேறுபாட்டை நம் மண்ணின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டும். வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை, திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் கைது செய்யப்பட்டு, சமஸ்தானத்தை விட்டே நாடுகடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, மன்னரின் ஒரு பிரகடனம் போதுமானதாயிற்று. 1912இல் காரல் மார்க்சின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதியவரும் அவரே. 1916இல் கண்ணூரில் காலமாகும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை. அவரை நாம் போற்றுகிறோம், போற்றுவது எளிது.

இரண்டாவது பாடம் கடினமானது. 1938இல் சர் சி. பி.யின் அரசு ‘மலையாள மனோரமா’வின் உரிமத்தை நீக்கி அதன் அலுவலகத்தைப் பூட்டியது. 1947 வரை அப்பத்திரிகையால் திருவிதாங்கூரில் வெளிவர இயலவில்லை. மனோரமா ஒருநாளும் கம்யூனிஸ்டுகளின் நண்பனாக இருந்ததில்லை; 1959இல் இ. எம். எஸ். அமைச்சரவைக்கு எதிரான கிளர்ச்சியில் அது எந்தப் பக்கம் நின்றது என்பதை நாடறியும். ஆயினும் 1938இல் அதைப் பூட்டியது கொடுங்கோன்மையே. நமக்கு வேண்டிய இதழ் பூட்டப்படும்போது மட்டும் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பேசினால், அதற்குப் பெயர் கொள்கையன்று, கட்சி கட்டுதல்.

1959ஐக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த அமைச்சரவையை 356ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் கையொப்பம் நீக்கியது. கேரளத்திலும் வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகச் செலவிட அமெரிக்க உளவு நிறுவனம் இந்தியக் காங்கிரசுக்குப் பணம் கொடுத்ததாக, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978இல் வெளியான தம் நூலில் எழுதினார். அமெரிக்க வாக்காளர் அறியாமல், அமெரிக்கப் பத்திரிகை அச்சிடாமல், அமெரிக்க நிர்வாகத்தின் கை நம் சட்டமன்ற வாயில்வரை நீண்டிருந்தது என்பதே இதன் பொருள். கணக்குக் கேட்கப்படாத அதிகாரம் தன் நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

நமக்கான அளவுகோல்

இன்று இந்தியாவில் நாடாளுமன்ற முறையை எவரும் முறைப்படி அகற்றவில்லை. ஆயினும் தேர்தல்கள் ஒரே முகத்தை முன்வைத்து நடக்கின்றன. சட்டங்கள் விவாதமின்றி நிறைவேறுகின்றன. ஒரே நாடு, ஒரே தேர்தல் என்ற மசோதா 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. ‘நிலையான ஆட்சி’ என்பதே அதற்கும் சொல்லப்படும் காரணம். 1946இல் ஹஜூர் கச்சேரியிலிருந்து கேட்ட அதே சொல். நிலைத்தன்மை நல்லதுதான்; ஆனால் யாருடைய நிலைத்தன்மை, யாரால் அசைக்க முடியாத நிலைத்தன்மை என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பிறரை நோக்கி மட்டும் எழுப்பினால் அதன் கூர் மழுங்கிவிடும். இடதுசாரி இயக்கத்துக்கே உரிய ஒரு முன்னுதாரணம் நம் தென்திருவிதாங்கூர் மண்ணில் உண்டு. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய மக்கள்மீது பட்டம் தாணு பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் அரசின் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. அக்கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அரசே பதவி விலக வேண்டும் என்று கோரினார். சுதந்திர இந்தியாவில் மக்கள்மீது சுடும் அரசு, அது யாருடையதாயினும், பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலை. கட்சித் தலைமை அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். லோகியாவின் அரசியலோடு நமக்குப் பல வேறுபாடுகள் உண்டு. ஆனால் எதிரியை அளந்த அதே கோலால் தன் வீட்டையும் அளந்த அச்செயலைச் சாலையின் தமிழ்த் தோழர்கள் மறக்கலாகாது. அன்று சுடப்பட்டவர்கள் நம் உறவினர்கள்.

திருக்குறளில் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. இரு தரப்புக்கும் நடுவே ஒதுங்கி நிற்பது என்று சிலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நம் இதழ் அவ்வாறு ஒதுங்கி நிற்காது. நாம் உழைப்பவர் பக்கம். ஆனால் பக்கம் சார்வது வேறு, எடையைத் திரிப்பது வேறு. சாலையில் நெல்லும் மிளகும் நிறுத்துப் பழகிய தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. வாங்குபவர் நண்பர் என்பதற்காகப் படிக்கல் மாறுவதில்லை.

எனவே தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். வாஷிங்டனோ தில்லியோ திருவனந்தபுரமோ, எந்த அதிகாரத்தைப் பற்றிய செய்தி வந்தாலும் கிளைக் கூட்டங்களில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இந்த முடிவை எடுத்தவரை நீக்கும் உரிமை யாரிடம் உள்ளது? இதனால் துன்புறுபவருக்கு அவ்வுரிமையில் பங்குண்டா? இச்செய்தியை நமக்குச் சொல்லும் ஏட்டின் உடைமையாளர் யார், அதைப் பூட்டக்கூடியவர் யார்? இதே கேள்விகளை நம் இதழிடமும் நம் கிளையிடமும் நம் ஆட்சி நடக்கும் இடங்களிலும் கேளுங்கள், எழுதியனுப்புங்கள், அச்சிடுவோம். வயலாரில் குந்தம் ஏந்தியவர்கள் மறுத்தது அமெரிக்கா என்ற நாட்டை அன்று. எந்த மொழியில் வந்தாலும், எவர் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தாலும், மக்களால் நீக்க முடியாத ஆட்சி மக்களுக்கு வேண்டாம் என்பதே அவர்கள் விட்டுச்சென்ற தீர்ப்பு.